எடிட்டிங் ஸ்கிரிப்டுக்கு யாருடைய கையேடு நல்லது: ரிசால்வா, பிரீமியரா, பிளெண்டரா, எஃப்எஃப்எம்பெக்கா?

வீடியோ எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எதற்கு ஸ்கிரிப்ட் (மென்பொருளை நம் சார்பில் இயக்கும் சிறு நிரல்) எழுதலாம், எழுதுவதற்கான கையேடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பதில் வருவது அபூர்வம். அப்படி ஒரு வசதி இருப்பதே பல கடைகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இணையத்தில் தேடி, யாரோ பழைய பதிப்புக்கு எழுதி வைத்ததை எடுத்து ஓட்டிப் பார்த்து, சிவப்பு எழுத்தில் பிழை வந்ததும் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஸ்கிரிப்ட் கையேடு என்ற ஒன்றை மட்டும் வைத்து இந்த நான்கையும் ஒப்பிடுகிறேன். கலர், எஃபெக்ட், டிரான்சிஷன் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால்தான் வித்தியாசம் தெரியும். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கோ, திருவிழா சமயத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கோ போனால் விடியலிலிருந்து கேமரா ஓடும். காவடி எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் காவடியை மட்டும் தனி ஃபைலாகக் கேட்பார்கள், அலகு குத்துவதிலிருந்து காவடி இறக்குவது வரை, ஃபைல் பெயரில் காவடி எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும், பெண்டிரைவில் பெரியதாக ஒன்று, வாட்ஸ்அப்பில் போகிற அளவுக்குச் சிறியதாக இன்னொன்று. நீளமான டைம்லைனில் ஒவ்வொன்றுக்கும் தொடக்கமாக இன் பாயிண்ட், முடிவாக அவுட் பாயிண்ட் வைத்து, பெயரைத் தட்டி, ரெண்டர் (வீடியோ ஃபைலாக எடுக்கும்) வரிசையில் சேர்த்து, அடுத்ததற்குப் போவது என்று கையாலேயே செய்தால் ராத்திரி முழுக்கப் போய்விடும். நடுவில் ஒருவர் பெயரில் இன்னொருவர் காவடி போய்விட்டால், விரதம் இருந்து எடுத்தவர்களுக்கு அது எவ்வளவு மனக்கஷ்டம்! டைம்லைனில் மார்க்கர் என்ற அடையாளக் குறி வைத்து அதிலேயே பெயரை எழுதிவிட்டு மிச்சத்தை ஸ்கிரிப்டிடம் விட்டால் அந்தத் தவறு நடக்க வாய்ப்பு குறைவு. தமிழ்ப்பள்ளிக் கலை நிகழ்ச்சியில் வகுப்புவாரியாக நடனத்தைப் பிரித்துக் கொடுப்பதும் இதே வேலைதான்.

கையேடு நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது இப்படி: மென்பொருளோடு சேர்ந்தே கணினியில் இறங்குகிறதா, ஏற்றியிருக்கும் பதிப்போடு ஒத்துப்போகிறதா, ஒரு ஃபங்ஷனுக்கு (ஸ்கிரிப்டில் எழுதும் கட்டளைக்கு) என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா. இதில் முதல் கேள்விக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடித்தால் மோடத்தைக் கழற்றி வைக்கிற ஊர் இது. செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளில் கைப்பேசிக்கே லைன் சரியாகக் கிடைக்காது.

டாவின்சி ரிசால்விலிருந்து தொடங்குகிறேன். இதன் கையேட்டைத்தான் ஊரெல்லாம் தேடுகிறார்கள், அது அவர்கள் கணினியிலேயே கிடக்கிறது. ஹெல்ப் மெனுவில் டாக்குமென்டேஷன், அதற்குள் டெவலப்பர் என்று அழுத்தினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் ஸ்கிரிப்டிங் என்ற ஃபோல்டருக்குள் ரீட்மீ என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதுதான் கையேடு. மெனு வழியாக இல்லாமல் நேராகப் போக வேண்டும் என்றால் விண்டோஸில் சி டிரைவுக்குள் புரோகிராம்டேட்டா, பிளாக்மேஜிக் டிசைன், டாவின்சி ரிசால்வ், சப்போர்ட், டெவலப்பர், ஸ்கிரிப்டிங் என்ற வரிசையில் இறங்க வேண்டும். புரோகிராம்டேட்டா விண்டோஸ் மறைத்து வைக்கும் ஃபோல்டர் என்பதால், மறைந்தவற்றைக் காட்டு என்ற டிக்கைப் போடாவிட்டால் கண்ணிலேயே படாது. லினக்ஸில் ஆப்ட் ஃபோல்டருக்குள் ரிசால்வ் என்பதற்குள் அதே பெயரில் இருக்கும்.

பார்க்க எந்த அலங்காரமும் இல்லாத ஃபைல் அது. மேலே கடைசியாகத் திருத்திய தேதி, அதன் கீழே லுவா, பைதான் என்ற இரண்டு நிரல் மொழிகளிலும் எப்படித் தொடங்குவது, ஸ்கிரிப்டை எந்த ஃபோல்டரில் போட்டால் எந்தப் பக்கத்து மெனுவில் வரும் என்ற விவரம். அப்புறம் ஃபங்ஷன் பட்டியல் தொடங்கும்: புராஜெக்ட் மேனேஜர், புராஜெக்ட், மீடியா பூல், டைம்லைன், டைம்லைன் ஐட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஃபங்ஷன் பெயர், அம்புக்குறிக்குப் பின்னால் என்ன வகை மதிப்பு திரும்பும் என்பது, கடைசியில் ஒரு வரி விளக்கம். ஃபைலின் முடிவில், கைவிடப்பட்டவை, இனி வேலை செய்யாதவை என்று தனிப் பகுதிகள் இருக்கின்றன. இணையத்தில் எடுத்த ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றால் நேராக அங்கே போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே எக்ஸாம்பிள்ஸ் என்ற ஃபோல்டரில் மாதிரி ஸ்கிரிப்டுகளும் உண்டு.

காவடி வேலைக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. டைம்லைனிடம் ‘கெட் மார்க்கர்ஸ்’ என்று கேட்டால் ஒவ்வொரு மார்க்கரும் எந்த ஃபிரேமில் இருக்கிறது, என்ன நிறம், என்ன பெயர், எத்தனை ஃபிரேம் நீளம் என்று மொத்தமாக வந்துவிடும். ‘செட் ரெண்டர் செட்டிங்ஸ்’ என்பதில் மார்க் இன், மார்க் அவுட், எந்த ஃபோல்டர், என்ன பெயர் என்று கொடுத்து ‘ஆட் ரெண்டர் ஜாப்’ என்றால் வரிசையில் சேர்ந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். மார்க்கரின் ஃபிரேம் எண் டைம்லைனின் தொடக்கத்தை 0 என்று வைத்து எண்ணப்படுகிறது, ஆனால் ரிசால்வ் டைம்லைன் வழக்கமாக 1 மணி என்ற டைம்கோடில் (ஃபிரேமுக்கு இடும் நேர எண்ணில்) தொடங்கும், நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் அது 90,000-ஆவது ஃபிரேம். ஆகவே டைம்லைனின் தொடக்க ஃபிரேம் எண்ணைக் கேட்டு வாங்கி, மார்க்கர் எண்ணோடு கூட்டித்தான் மார்க் இன்னுக்குக் கொடுக்க வேண்டும். மார்க் அவுட்டுக்கு அதோடு நீளத்தையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். இதையெல்லாம் ரீட்மீ உட்காரவைத்துச் சொல்லித் தராது. புதிதாக ஸ்கிரிப்ட் எழுத வருகிற பிள்ளைகளுக்கு அதன் சுருக்கம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். பதிப்பு 19-இன் ரீட்மீயில் டைம்லைனில் இருக்கும் கிளிப்பை நடுவில் வெட்டும் பிளேடு வேலைக்கு ஃபங்ஷன் கிடையாது, மீடியா பூலிலிருந்து தொடக்க ஃபிரேம், முடிவு ஃபிரேம் கொடுத்துப் புதிதாகச் சேர்ப்பதுதான் மாற்று வழி. எஃபெக்ட் வேலைக்கான ஃபியூஷன் பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் எழுத ‘ஃபியூஷன் 8’ காலத்துப் பிடிஎஃப் கையேட்டையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் காசு விஷயம்: இலவச ரிசால்வில் ஒர்க்ஸ்பேஸ் மெனுவில் உள்ள, கட்டளை தட்டும் கன்சோலிலும் ஸ்கிரிப்ட்ஸ் பட்டியலிலும் இருந்து ஸ்கிரிப்ட் ஓட்டலாம், வெளியிலிருந்து, அதாவது உங்கள் சொந்த பைதான் நிரலிலிருந்து ரிசால்வை இயக்குவதற்கு ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். அதன் அமெரிக்க விலை 295 டாலர், மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. காவடி வேலைக்கு இலவசப் பதிப்பே போதும்.

அடோபி பிரீமியர் புரோ வேறு மாதிரி. இதற்கு எழுதப்பட்டிருப்பது ரிசால்வுக்கு இருப்பதைவிட எவ்வளவோ அதிகம், ஆனால் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பழைய முறை எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் என்ற அடோபியின் ஸ்கிரிப்ட் மொழி. ஆர்வலர்கள் சேர்ந்து பராமரிக்கும் தளத்தில் அதன் கையேடு ஒழுங்காக, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் விளக்கமும் உதாரணமும் போட்டு இருக்கிறது. அடோபியின் எஃபெக்ட் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கும் அதே இடத்தில் தனிக் கையேடு உண்டு, என் கணக்கில் அது இன்னும் நன்றாக எழுதப்பட்டது. இது தவிர அடோபியே கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்திருக்கும் ‘பிபுரோ பேனல்’ என்ற மாதிரி நிரல். அதன் உள்ளே இருக்கும் நீளமான ஸ்கிரிப்ட் ஃபைல் பாதிக் கையேட்டுக்குச் சமம், சீக்வென்ஸ் (பிரீமியரில் டைம்லைனுக்குப் பெயர்) மார்க்கரைப் படிப்பது, ரெண்டர் செய்யும் மீடியா என்கோடருக்கு வேலை அனுப்புவது எல்லாம் ஓடுகிற நிலையில் இருக்கும். கையேட்டில் ஒரு விளக்கம் புரியவில்லை என்றால் அந்த ஃபைலைத் திறந்து அதே ஃபங்ஷன் பெயரைத் தேடுவதுதான் சுருக்கு வழி.

சிக்கல் இரண்டு இடத்தில். எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் 1999-இல் வந்த மூன்றாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்ட் தரத்தை ஒட்டியது. இன்றைக்கு ஜாவாஸ்கிரிப்ட் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் பழகியிருக்கும் பல வசதிகள் அதில் கிடையாது, எழுதியது சரியாக இருந்தும் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, 2025-இல் பிரீமியருக்கு யூஎக்ஸ்பி என்ற புதிய முறை வந்துவிட்டது, அதன் கையேடு அடோபியின் சொந்த டெவலப்பர் தளத்தில் இருக்கிறது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஃபங்ஷன் பெயரும் எழுதும் விதமும் வேறு. தேடலில் இரண்டும் கலந்து வரும், எது எதற்கு உரியது என்று பார்த்துப் பிரிக்கும் பொறுப்பு உங்களுடையது. போதாததற்கு ‘கியூஇ’ என்று, அடோபி ஆவணப்படுத்தாத ஒரு உள்வழி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் சாமர்த்தியமான ஸ்கிரிப்டுகள் பல அதைத்தான் நம்பி எழுதப்பட்டவை. வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லிவிட்ட வேலையில் அதைத் தொடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அது நிற்குமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஃபைல் மெனுவிலேயே ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டலாம். பிரீமியரில் அப்படி ஒரு மெனு இல்லை. பிரீமியருக்குள் திறக்கும் ஒரு பேனல் ஜன்னல் கட்ட வேண்டும், அல்லது விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் டீபக்கரைப் போட்டு அங்கிருந்து ஓட்ட வேண்டும். நேரத்தைக் கணக்கிடும் முறையும் தனி: ஒரு நொடிக்கு 25,401 கோடியே 60 லட்சம் ‘டிக்ஸ்’. பார்த்தவுடன் மிரள வேண்டாம், இந்த எண்ணை வழக்கமான ஃபிரேம் வேகங்களால் வகுத்தால் மீதி வராமல் சரியாக வரும் என்பதற்காகத்தான் இவ்வளவு பெரியதாக வைத்திருக்கிறார்கள். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு 1,016 கோடியே 6 லட்சத்து 40 ஆயிரம். கையேட்டில் ‘டிக்ஸ்’ என்ற சொல்லைப் பார்க்கும் இடத்திலெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சொல்லித் தரும் திறமையை வைத்துப் பார்த்தால் பிளெண்டருக்கு ஈடு எதுவும் இல்லை. முப்பரிமாண வேலைக்குப் பேர்போன மென்பொருள், அதற்குள் வீடியோ சீக்வென்சர் ஒன்று இருக்கிறது. பைதான் கையேடு பதிப்புவாரியாகத் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. 4.2 பயன்படுத்துகிறீர்களா, 4.2-க்கு உரிய கையேட்டையே திறக்கலாம், முழுவதையும் சுருக்கிய ஒரே ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் படிக்கலாம். அதைவிட முக்கியம், மென்பொருளே கையேடாக நடந்துகொள்கிறது: பிரிஃபரன்ஸில் பைதான் டூல்டிப்ஸ் என்பதைப் போட்டுவிட்டால், எந்தப் பட்டன் மேல் சுட்டியை வைத்தாலும் அதற்கான பைதான் பெயர் வரும். இன்ஃபோ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் ஒரு வேலையைச் செய்தால் பெரும்பாலும் அதே வேலைக்கான பைதான் வரி அங்கே எழுதப்படும், காப்பி எடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டலாம். இடைநிலைப் பள்ளியில் படிவம் 4, படிவம் 5 படிக்கும் பிள்ளைக்கு ஸ்கிரிப்ட் பழக்க வேண்டும் என்றால் நான் பிளெண்டரில்தான் உட்காரவைப்பேன்.

ஆனால் கடை வேலைக்கு? பெயர்கள் மாறுகின்றன, டைம்லைனில் வைக்கும் துண்டுக்கு சீக்வென்ஸ் என்று இருந்தது 4.4-இல் ஸ்டிரிப் என்று மாறியது, பழைய உதாரணங்களை அப்படியே ஒட்ட முடியாது. மார்க்கருக்குப் பெயரும் ஃபிரேமும் மட்டும்தான், நீளம் இல்லை, ஆகவே ஒவ்வொரு காவடிக்கும் தொடக்க மார்க்கர் ஒன்று, முடிவு மார்க்கர் ஒன்று என்று இரண்டு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், டெக்ஸ்ட் ஸ்டிரிப்பில் தமிழ் எழுத்து 4.2-இல் ஒழுங்காக வராது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். திரையில் பெயர் போட முடியாத மென்பொருளை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்க முடியாது.

எஃப்எஃப்எம்பெக்கை எடிட்டிங் மென்பொருள் என்று சொல்ல மாட்டார்கள், டைம்லைனும் இல்லை ஜன்னலும் இல்லை, கட்டளை மட்டும்தான். ஆனால் காவடி வேலையை வெட்டுவது, பெயர் வைப்பது, சிறியதாக்குவது என்று பார்த்தால் இது பாதி வேலையை இன்னும் வேகமாக முடிக்கும், கையேடும் அதற்குள்ளேயே இருக்கிறது. எந்த ஃபில்டரைப் பற்றித் தெரிய வேண்டுமோ, உதவி என்ற கட்டளையோடு அந்தப் பெயரைக் கொடுத்தால், உங்கள் கணினியில் இருக்கும் அதே எஃப்எஃப்எம்பெக்கில் அந்த ஃபில்டருக்கு என்னென்ன ஆப்ஷன் உண்டு என்று அச்சடித்துக் காட்டும். பதிப்பு மாறிப்போச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுக் கையேடு மிக நீளமான பக்கம், அதில் தேடுபெட்டியில் தட்டித்தான் வேண்டியதை எடுக்க வேண்டும், முதலிலிருந்து படிக்க நினைத்தால் களைத்துப்போவீர்கள்.

பெயரும் நேரமும் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தால் போதும், வரி வரியாகப் படித்து வெட்டும் சிறிய ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம். மறுபடி என்கோட் செய்யாமல் காப்பி முறையில் வெட்டினால் கொஞ்ச நேரத்தில் முடியும், ஆனால் படம் கீஃபிரேம் எனப்படும், முழுமையாகச் சேமித்த ஃபிரேமில்தான் தொடங்க முடியும் என்பதால் நீங்கள் சொன்ன நொடிக்குச் சற்று முன்னாலிருந்து வரலாம். காவடிக்கு அது பரவாயில்லை, நடனத்துக்கு முந்தைய வகுப்பின் கைதட்டல் உள்ளே வந்துவிடும். விண்டோஸ் பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஃபைலில்) தமிழ்ப் பெயர் வைக்கிறீர்கள் என்றால் முதல் வரியில் ‘சிஹெச்சிபி 65001’ போட்டு ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் பெயரெல்லாம் குப்பையாக வரும். படத்தின் மேல் தமிழ் எழுத்து வேண்டும் என்றால் ‘டிராடெக்ஸ்ட்’ ஃபில்டரைவிட, லிப்ஆஸ் என்ற சப்டைட்டில் நிரல் வழியாகப் போகும் சப்டைட்டில் ஃபில்டர் எனக்கு நம்பகமானது, அது எழுத்துகளை இடம் பார்த்து வைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலைக் கொண்டு எழுத்தை அமைப்பதால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும்.

மற்றவை சுருக்கமாக. வேகாஸ் புரோவுக்கு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் வழியில் நல்ல ஸ்கிரிப்ட் வசதி உண்டு. ஆனால் சோனியிடமிருந்து மாஜிக்ஸுக்குக் கைமாறிய பிறகு 14-ஆம் பதிப்பில் ‘சோனி வேகாஸ்’ என்று நிரலில் வரும் பெயர் ‘ஸ்கிரிப்ட்போர்ட்டல் வேகாஸ்’ என்று மாறியதால் பழைய ஸ்கிரிப்டில் அந்த வரியைத் திருத்த வேண்டும். ஃபைனல் கட் புரோவுக்கு ஆப்பிள் எஃப்சிபிஎக்ஸ்எம்எல் என்ற ஃபைல் வடிவத்தைச் சுத்தமாக ஆவணப்படுத்தியிருக்கிறது, மேக் வைத்திருப்பவர்களுக்கு அது போதும். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் எம்எல்டி என்ற அடித்தளத்தில் நிற்பவை, புராஜெக்ட் ஃபைலே படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் டெக்ஸ்ட் என்பதால் பைதானில் அதைத் திருத்தலாம்.

சாட்பாட்டிடம் கேட்டால் ஸ்கிரிப்டையே எழுதித் தரும்போது கையேடு எதற்கு என்று கடைப் பையன்கள் கேட்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். ரிசால்வில் கிளிப்பை வெட்ட ஸ்கிரிப்ட் கேட்டால், இல்லாத ஃபங்ஷனுக்கு அழகான பெயர் வைத்து எழுதித் தந்துவிடும். பிரீமியருக்குக் கேட்டால் எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்டையும் யூஎக்ஸ்பியையும் கலந்து தரும். அது தந்த ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரையும் கையேட்டில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அப்படித் தேடுவதற்கு ரிசால்வின் ஒற்றை டெக்ஸ்ட் ஃபைல் எவ்வளவு வசதி என்பது அப்போதுதான் புரியும். அந்த ஃபைலை அப்படியே சாட்பாட்டுக்குக் கொடுத்து, இதில் உள்ளதை மட்டும் வைத்து எழுது என்றால் பதிலும் நன்றாகவே தேறுகிறது. பல பக்கமாகப் பிரிந்து கிடக்கும் அடோபி கையேட்டை அப்படி ஒரே கையில் எடுத்துக் கொடுப்பது கஷ்டம்.

ஆகவே புதிதாகத் தொடங்கும் கடைக்கு நான் சொல்வது ரிசால்வ், கூடவே எஃப்எஃப்எம்பெக். எடிட் செய்து மார்க்கர் வைத்துப் பெரிய ஃபைலை ரிசால்வ் ஸ்கிரிப்டில் எடுங்கள், வாட்ஸ்அப்புக்கான சிறிய ஃபைலை எஃப்எஃப்எம்பெக்கிடம் விடுங்கள். இரண்டின் கையேடும் இணையம் இல்லாமல் உங்கள் கணினியில் இருக்கும், இரண்டும் உங்கள் பதிப்புக்கு உரியவை. ஏற்கெனவே அடோபிக்கு மாதம் கட்டுகிறீர்கள், எடிட்டருக்கும் கை பழகிவிட்டது என்றால் மாற வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன், புதிய ஸ்கிரிப்டை யூஎக்ஸ்பியில் எழுதுங்கள், எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்டை ஓடிக்கொண்டிருக்கும் பழைய வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லைன் நன்றாக இருக்கும் நாளில் பிபுரோ பேனலையும் கையேட்டுப் பக்கங்களையும் இறக்கி வைத்துவிடுங்கள்.

ரிசால்வைத் தேர்ந்தெடுத்தவர்கள் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன் பழைய ரீட்மீயை வேறு ஃபோல்டரில், பதிப்பு எண்ணைப் பெயரில் சேர்த்து, ஒரு காப்பி எடுத்து வையுங்கள். மென்பொருளை ஏற்றியதும் புதிய ஃபைல் அதே இடத்தில் உட்கார்ந்து பழையதை அழித்துவிடும். இரண்டையும் விஎஸ் கோடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த ஃபங்ஷன் புதிதாக வந்திருக்கிறது, எது கைவிடப்பட்டவை பகுதிக்குப் போயிருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டிவிடும். தைப்பூசத்துக்கு முந்திய வாரத்தில் மட்டும் அப்டேட் பக்கமே போகாதீர்கள்.